வாங்கும் முன் அதன் வேலையைக் கேளுங்கள்: சிறிய நாய் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன்பு, செம்பழுப்பு நிறத்தில், உடம்பு நீண்டு கால் குட்டையான டாஷ்ஹண்ட் இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்து மணி என்று பெயர் வைத்தேன். விற்றவர் சொன்னது ஒன்றுதான்: “வீட்டுக்குள்ளேயே கிடக்கும், தோட்டம்கூடத் தேவையில்லை.” எட்டாவது மாதம் ஒருநாள் மாலை மணியைக் காணவில்லை. தேடிப் போனபோது பம்ப்செட் அறைக்குப் பின்னால் மண்ணுக்கு வெளியே வால் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பெருச்சாளி வளைக்குள் பாதி உடம்பு போயிருந்தது. இடுப்பைப் பிடித்து மெல்ல இழுத்தேன். மூக்குத் துளைகளில் செம்மண், மூக்கின் குறுக்கே ஒரு கீறல், அதில் இரத்தம். கீழே விட்டதும் மறுபடி அதே வளைக்கு ஓடியது.

நான் அதட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்துத் தோப்புப் பெரியவர் சொன்னார்: “தம்பி, அது சேட்டை செய்யவில்லை. வேலை செய்கிறது.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இன்று தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூர் அடுக்குமாடி வீடுகளிலும் சிறிய நாய்கள் பெருகிவிட்டன. வாங்குகிற பலரும் நிறத்தையும் முடியையும் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள். அந்த நாயின் முன்னோர் எதற்காக வளர்க்கப்பட்டார்கள் என்று கேட்கிறவர் குறைவு. அதைக் கேட்டால் பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வராது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: நாயைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மாடிப்படி உண்டா? சுவர் ஒட்டிய வீடா, தோப்பு வீடா? கோழி வளர்க்கிறீர்களா? எலி மருந்து வைக்கும் பழக்கம் உண்டா? கைக்குழந்தை இருக்கிறதா? குரைப்புச் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குப் பொறுக்குமா? பத்து நிமிட வேலை. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: அதன் வேலையைக் கேளுங்கள்

நாய்க்கு வேலை என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. ஊத்தங்கரையைத் தாண்டிக் கிழக்கே போனால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு கவர வந்தவர்களை எதிர்த்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே ஒரு நாயின் வேலையைக் கல்வெட்டில் பதித்த மண் இது. அந்த மரியாதையைச் சிறிய நாய்களுக்கும் கொடுக்கலாம். அவையும் உழைத்தவைதான். உருவம் சிறுத்ததே பல இனங்களில் வேலைக்காகத்தான்.

முதலில் வளைக்குள் போனவை. டாஷ்ஹண்ட் ஜெர்மனியில் உருவானது. அந்த மொழியில் டாக்ஸ் என்றால் பேட்ஜர், ஹுண்ட் என்றால் நாய். பேட்ஜர் என்பது மண்ணுக்கடியில் நீண்ட வளை தோண்டி வாழும் விலங்கு. பத்துக் கிலோ அளவுக்கு எடை, வலுவான நகம், பயங்கரக் கடி. அதன் வளைக்குள் தனியாகப் போய், இருட்டில் அதை எதிர்கொண்டு, மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்குக் கேட்கும்படி குரைக்க வேண்டும். இப்போது மணியின் உடம்பைப் பாருங்கள். குட்டையான கால் வளைக்குள் நுழைய. மண்வெட்டிபோல அகன்ற முன்பாதம் தோண்ட. மடிப்பு விழாமல் வழுக்கும் தளர்ந்த தோல், குறுகலான இடத்தில் கிழியாமல் திரும்ப. ஆழமான நெஞ்சுக்கூடு, மண்ணுக்கடியில் மூச்சுப் பிடிக்க. அந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும் கனத்த குரைப்பு, மண்ணைத் தாண்டி மேலே கேட்க. வீட்டுக்கு வருகிறவர்கள் இந்தக் குரலைக் கேட்டு உள்ளே பெரிய நாய் இருப்பதாக நினைப்பதுண்டு.

கால் எப்படிக் குட்டையானது என்பதற்கு 2009இல் விடை கிடைத்தது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் கூடுதல் நகல் எப்போதோ ஒருமுறை நாயின் மரபில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாஷ்ஹண்ட், கோர்கி, பாசெட் ஹவுண்ட் என்று குட்டைக்கால் இனங்கள் பலவும் அதைச் சுமக்கின்றன. அதே மரபணுவின் இன்னொரு நகல் முதுகெலும்புக்கு நடுவே உள்ள வட்டுகளை இளமையிலேயே கெட்டிப்படுத்துகிறது என்பது 2017இல் தெரியவந்தது. இதை மறந்துவிடாதீர்கள்; மூன்றாம் படியில் இதற்கு வேலை இருக்கிறது.

வளைக்குள் போன இன்னொரு நாய் வகை டெரியர். அந்தப் பெயரிலேயே மண் இருக்கிறது. நிலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்றொரு பாதிரியார் இருந்தார். 1819இல், ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெண் டெரியரைப் பார்த்து அங்கேயே வாங்கிவிட்டார். ஜாக் ரஸ்ஸல் டெரியரின் கதை அங்கே தொடங்குகிறது. வளைக்குள் ஒளிந்த நரியைக் கொல்லாமல் வெளியே விரட்டுவது அதன் வேலை. வெளியே காத்திருக்கும் வேட்டைநாய்கள் அதை நரி என்று நினைத்துப் பாய்ந்துவிடக் கூடாது என்பதால் வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நெஞ்சின் சுற்றளவைச் சோதிக்க ஒரு வழி உண்டு: முன்கால்களுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் நெஞ்சை வளைத்துப் பிடிப்பார்கள். விரல்கள் தொட்டுக்கொண்டால் நரி வளைக்குள் இந்த நாய் போகும். இந்த இனத்தின் நாய்க் காட்சிகளில் நடுவர்கள் இன்றும் இப்படிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட நாயைப் பகலெல்லாம் பூட்டிய வீட்டில் விட்டால் சோபாவின் பஞ்சைத் தோண்டத்தான் செய்யும். தோப்பு, வயல், கூடவே நடக்க ஆள் என்று இருக்கிற வீட்டில் தங்கம்போல இருக்கும். ஆனால் கோழிக்கூண்டு இருக்கும் வீட்டுக்கு டெரியர் வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது எலி பிடித்தவை. பட்டுப்போன்ற முடியும் உச்சியில் ரிப்பனுமாகப் படங்களில் வரும் யார்க்‌ஷயர் டெரியர், நெசவாலை நாய். 19ஆம் நூற்றாண்டில் வேலை தேடி ஸ்காட்லாந்திலிருந்து வடஇங்கிலாந்துக்குப் போன தொழிலாளிகள் தங்கள் சிறு டெரியர்களையும் கூட்டிப் போனார்கள். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் எலியைப் பிடிப்பது அவற்றின் பிழைப்பு. 1865இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்டு பென் என்ற நாய்தான் இன்றைய இனத்துக்குத் தந்தை என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்த இனத்து நாய் ஒன்று செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1944இல் நியூ கினியாவில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்த ஸ்மோக்கி, இரண்டு கிலோகூட இல்லாத நாய். பிலிப்பைன்ஸில் விமான ஓடுதளத்துக்கு அடியில் தகவல்தொடர்புக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. ஓடுதளத்தைத் தோண்டினால் நாள்கணக்கில் ஆகும். கம்பியில் கட்டிய நூலைக் கழுத்துப்பட்டையில் மாட்டிவிட்டார்கள். எழுபது அடி நீளக் குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டது ஸ்மோக்கி. எலிவளையையும் சந்துபொந்தையும் கண்டு தயங்காத முன்னோரின் பிள்ளை அல்லவா!

மினியேச்சர் பின்ஷர், மினியேச்சர் ஷ்னாஸர் இரண்டும் ஜெர்மன் பண்ணைகளின் எலிக்காவல். குட்டி டாபர்மேன் என்று சொல்லி மினியேச்சர் பின்ஷரை விற்க வந்தால் நம்பாதீர்கள். டாபர்மேன் உருவாவதற்கு முன்பே இருந்த தனி இனம் அது.

மூன்றாவது வகை, என் மனத்துக்கு நெருக்கமானது: அழைப்புமணியாக இருந்தவை. திபெத்திய மடங்களிலும் பெரிய வீடுகளிலும் வாசலில் மாஸ்டிஃப் என்ற பெரிய நாயும், உள்ளே லாசா அப்சோவும் இருந்தன. சின்னதற்குக் காது கூர்மை. அந்நியக் காலடி கேட்டால் முதலில் குரைப்பது அதுதான். விலைக்கு விற்காமல் பரிசாகவே கொடுத்து வந்தார்கள். 1933இல் பதின்மூன்றாம் தலாய் லாமா, சுய்டம் கட்டிங் என்ற அமெரிக்கருக்கு ஒரு ஜோடியைப் பரிசளித்தார். இன்று லாசா வாங்குகிறவர்கள் ‘லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைக்கிறது’ என்று வருந்துகிறார்கள். பல நூறு வருடங்களாகச் சத்தம் கேட்டால் சொல் என்று பழக்கப்பட்ட நாய் வேறு என்ன செய்யும்?

நம் ஊரில் ‘பொமேரியன்’ என்று எல்லோரும் அழைக்கும் வெள்ளை நாயும் இந்த வரிசைதான். அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் தெருக்களில் கண்டு வளர்ந்தது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் இங்கேயே பெருகி, நம் வெயிலுக்கும் சோற்றுக்கும் பழகியது. ஜெர்மனியில் ஸ்பிட்ஸ் பண்ணைக்கும் வண்டிக்கும் காவலாக இருந்த நாய். வண்டிக்காரன் சரக்கை விட்டுவிட்டுப் போனால் மேலே உட்கார்ந்து குரைத்துக்கொண்டிருக்கும். பொமரேனியன் என்ற பெயர் பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவிலிருந்து வந்தது. விக்டோரியா அரசி 1888இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் சிறிய ஸ்பிட்ஸ்களைக் கண்டு வாங்கி வந்த பிறகு, சிறிது சிறிதாக அளவைக் குறைத்துக் குறைத்து இன்றைய மூன்று கிலோ நாயாக்கினார்கள். முதல்முறை நாய் வளர்க்கிறவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் இந்தியன் ஸ்பிட்ஸ் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக, மடிக்காகவே பிறந்தவை. பெக்கிங்கீஸ் சீன அரண்மனைச் சுவருக்குள் வளர்ந்தது. மிகச் சிறியவற்றை அங்கியின் அகன்ற கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்களாம். 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது ஐந்து நாய்கள் கிடைத்தன. ஒன்று விக்டோரியா அரசியிடம் போனது. அதற்கு வைத்த பெயர் லூட்டி, அதாவது கொள்ளையில் கிடைத்தது. பக் நாயும் சீனத்திலிருந்து டச்சு வணிகர்களோடு ஐரோப்பா போனதுதான். ஷிட்சு என்றால் சீனத்தில் சிங்க நாய். இவற்றின் வேலை மனிதரோடு இருப்பது. எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். காலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு இரவு ஏழுக்குத் திரும்பும் வீட்டில் இந்த நாய்கள் வேலையில்லாமல் வாடுகின்றன.

வேலை போனதால் இனமே போன கதையும் உண்டு. இங்கிலாந்துச் சமையலறைகளில் சக்கரத்துக்குள் ஓடி, அடுப்பில் இறைச்சிக் கம்பியைச் சுழற்றிய குட்டைக்கால் நாய்கள் இருந்தன. 1570இல் ஜான் கேயஸ் என்ற மருத்துவர் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். கம்பியைச் சுழற்ற இயந்திரம் வந்த பிறகு அந்த நாயை வளர்க்க ஒருவரும் இல்லை.

மூன்றாம் படி: உடலையும் ஊரையும் சேர்த்துப் பாருங்கள்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவில் நன்றாகக் குளிரும். மலை இறங்கிக் கிருஷ்ணகிரி வந்தால் வேறு வெயில்; தர்மபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் தார்ச்சாலையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. ஒரே நாய் இரண்டு இடத்துக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூக்கின் உட்பாதையிலும் ஈரம் ஆவியாகித்தான் உடல் குளிர வேண்டும். பக், பெக்கிங்கீஸ், ஷிட்சு போன்றவற்றில் அந்தப் பாதை சுருங்கி இருக்கிறது. வெயிலில் பத்து நிமிடம் நடத்தினாலே ஆபத்து வரலாம். தூங்கும்போது குறட்டை விடுவதை அழகு என்று வீடியோ எடுக்கிறார்கள். அது மூச்சுத் தடையின் அடையாளமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். தர்மபுரி வெயிலில், மாடிக்கு நேர்கீழே இருக்கும் வீட்டில், குளிர்சாதனம் இல்லாமல் பக் வளர்ப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி, காற்று படவைத்து, உடனே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நடைப்பயிற்சி காலை ஏழு மணிக்குள், மாலையில் தரை ஆறிய பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதனாலும் முடியாது. ஸ்பிட்ஸ், பொமரேனியன் நாய்களுக்கு வெயில் காலத்தில் மொட்டையடிக்காதீர்கள். இரண்டு அடுக்கு முடி சூட்டையும் தடுக்கிறது, சிரைத்தால் சிலவற்றுக்குச் சரியாக வளராமலே போய்விடும். தினமும் வாரினால் போதும். சிவாவா நாய்க்கு எதிர்த் தொல்லை: மெக்சிகோவிலிருந்து வந்த அந்தச் சின்ன உடம்பு மார்கழிக் குளிரில் தளியில் நடுங்கும்.

டாஷ்ஹண்ட் வீட்டில் மாடிப்படிக்குத் தடுப்பு வையுங்கள். திண்ணையிலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் குதிக்க விடாதீர்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்னங்கால்களுக்குக் கீழே. எடை கூடக் கூட முதுகு கெடும். மணியின் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும். அந்த அளவுதான் சரி. திடீரென்று பின்னங்கால் இழுத்தால் அன்றைக்கே மருத்துவர், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

தோப்பு வீட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். எலி மருந்து வைக்கிற இடத்தில் டெரியரோ டாஷ்ஹண்டோ இருக்கவே கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்றால் நாயும் சாகக்கூடும். பாம்பைக் கண்டால் இந்த நாய்கள் பின்வாங்காது. ஐந்து கிலோ உடம்புக்கு நாகமோ கண்ணாடிவிரியனோ ஒரு கடி போதும், ஆகவே புதர் மண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் இரவில் வெளியே கட்டாதீர்கள்; சிறுத்தைக்கு நாய் எளிய இரை. அப்புறம் மாங்கொட்டை. எங்கள் மாவட்டத்தில் மே, ஜூனில் கொட்டை கிடக்காத வாசல் இல்லை. நாய் அதைச் சப்பும், சில சமயம் விழுங்கும், சிறிய நாயின் குடலில் அது அடைத்துக்கொள்ளும். வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, வயிற்றைத் தொட்டால் முனகல் என்று கண்டால் நாட்டு வைத்தியம் பார்க்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான்காம் படி: குட்டியைப் பார்க்கப் போகும்போது

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. நாற்பது நாள் குட்டி என்று பெருமையாக நீட்டினால் வாங்காதீர்கள். தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் குட்டி கடியை அடக்கக் கற்கிறது.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். வளர்ப்பவர் வீட்டிலேயே பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். தாய் மனிதரைக் கண்டு ஒடுங்குகிறதா? குட்டியின் மூச்சில் சத்தம் வருகிறதா? மூக்குத் துளை திறந்திருக்கிறதா, கீறல்போல மூடியிருக்கிறதா? தொடையிடுக்கிலும் காதிலும் உண்ணி உண்டா? ‘டீகப்’ என்ற பெயரில் ஒரு இனமே கிடையாது. மெலிந்த குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து எடுத்ததற்கு வைத்த விற்பனைப் பெயர் அது. அளவு குறையக் குறைய எலும்பும் இரத்தச் சர்க்கரையும் பலவீனமாகும்.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள்

வந்த மறுநாள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய உயிர்க்கொல்லித் தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் போடப்படும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும், பிறகு ஒவ்வொரு வருடமும். ஜூலை 6 (விலங்குவழி நோய்களுக்கான உலக நாள்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் நாள்) ஆகிய நாள்களையொட்டிப் பல ஊர்களில் இலவசமாகப் போடுகிறார்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள்.

யார்க்‌ஷயர், சிவாவா, பொமரேனியன் குட்டிகளுக்கு மூன்று நான்கு மணிக்கொருமுறை சிறிது உணவு வேண்டும். வயிறு காய்ந்தால் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அப்படி நடந்தால் ஈறில் சிறிது தேன் தடவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். திராட்சை, வெங்காயம், சாக்லேட் எப்போதும் கூடாது.

ஆறாம் படி: வேலை கொடுங்கள்

பழைய வேலையை அப்படியே கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். அதன் சாயலைக் கொடுக்கலாம். லாசாவும் ஸ்பிட்ஸும் குரைத்தால் திட்டாமல் எழுந்து போய்ப் பாருங்கள். ‘சரி, பார்த்துவிட்டேன்’ என்று ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் சொல்லி ஒரு துண்டு உணவு கொடுங்கள். செய்தி சேர்ந்துவிட்டது என்று புரிந்தால் பெரும்பாலானவை நிறுத்திக்கொள்ளும். யார்க்‌ஷயருக்குக் கயிற்றில் கட்டிய துணியை இழுத்து ஓடவிடுங்கள். பக், ஷிட்சு நாய்களை நீங்கள் காய் நறுக்கும் இடத்தில் பக்கத்தில் படுக்க விட்டாலே போதும்.

மணிக்கு நான் ஒரு மூலையை ஒதுக்கினேன். பம்ப்செட்டுக்கு மேற்கே, நான்கடிக்கு நான்கடி. மண்ணைக் கொத்தி, ஆற்றுமணலைக் கலந்து, சுற்றிலும் செங்கல் பதித்தேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு வேகவைத்த ஈரல் துண்டைத் துணியில் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் புதைப்பேன். முதல் இரண்டு நாள் மறைக்காமல், மணி பார்க்கும்படி புதைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அதை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் புதைத்தேன். கதவைத் திறந்ததும் மூக்கைத் தரையில் வைத்து, செங்கல் ஓரமாக இரண்டு சுற்றுச் சுற்றி, சரியான இடத்தில் நின்று, ஒரே ஒரு குரைப்பு. பிறகுதான் தோண்டல். மண் என் வேட்டிவரை தெறிக்கும். இருபது நிமிடத்தில் துணியைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டு, நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆறு வாரங்களுக்குப் பிறகு பெருச்சாளி வளைப் பக்கம் அது தானாகப் போகவில்லை.